வெளியே வராதது வீட்டுக்குள் ஏன் வருகிறது?

ஜெர்மனியில் நாய்க்குட்டி வளர்க்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஜனவரி மாதம், காலை எட்டு மணிக்கும் சரியாக விடிந்திருக்காது. கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, புல்தரையில் விட்டுவிட்டு அரை மணி நேரம் நடுங்கியபடி நிற்கிறார்கள். குட்டி உதிர்ந்த இலையை மோந்து பார்க்கும், காக்கையைப் பார்த்துக் குரைக்கும், அந்தப் பக்கம் போகிறவரின் ஷூ லேஸைக் கடித்து இழுக்கும். வந்த வேலையை மட்டும் செய்யாது. மறுபடி மூன்று மாடி ஏறி, கதவைத் திறந்து, கோட்டுப் பொத்தானைக் கழற்றுவதற்குள் கூடத்துக் கம்பளத்தின் நட்டநடுவில் குந்தி நிம்மதியாக ஒன்றுக்குப் போய்விடும்.

"வேண்டுமென்றே செய்கிறது" என்பார் வீட்டுக்காரர். "தனியாக விட்டுவிட்டுப் போனோம் இல்லையா, அந்தக் கோபம்" என்பார் வீட்டுக்காரம்மா. கோபத்தைக் காட்டச் சிறுநீரைச் சேமித்துவைக்கும் அளவுக்குத் திட்டமிடும் மூளை எட்டு வாரக் குட்டிக்கு இல்லை. அரை மணி நேரம் வெளியே அடைத்துக்கொண்டிருந்த ஒன்று வாசற்படியைத் தாண்டியதும் ஏன் திறந்துகொள்கிறது என்ற கேள்வி மட்டும் நியாயமானது.

வாசலிலும் தோப்பிலும் வளரும் நம்மூர் நாய்க்கு இந்தச் சிக்கலே கிடையாது. அது தானாக வேலியோரம் போய்விட்டு வரும். ஜெர்மனியில் ஒரு கோடிக்கு மேல் நாய்கள் இருக்கின்றன. அவற்றில் நகரத்து நாய்கள் பல, அடுக்குமாடியில்தான் வாழ்கின்றன. சென்னையிலும் கோவையிலும் பத்தாவது மாடியில் லேப்ரடார் வளர்க்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் இப்போது அதே பாடுதான்.

ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டால் உடம்புக்குள் நடப்பது எளிதில் விளங்கும். வரத்துக்காலில் தண்ணீர் வந்து சேர்வதுபோல் சிறுநீரகங்கள் வடிக்கும் நீர் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. வெளியேறும் வாயில் மடை. உடற்கூற்றியலில் இதற்குச் சுருக்குத்தசை என்று பெயர்; உள்மடை, வெளிமடை என்று இரண்டு உண்டு. உள்மடை விருப்பத்துக்குக் கட்டுப்படாது, அதைத் தானியங்கு நரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. 'இப்போது வேண்டாம்' என்று இறுக்கிப் பிடிக்க முடிவது வெளிமடையை மட்டும்தான். கண்மாய்க்கு ஊர் நியமித்த நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார். நேரம் காலம் பார்த்துத் திறப்பார், அடைப்பார். வளர்ந்த நாய்க்கு அந்த வேலையை மூளை செய்கிறது. குட்டியிடம் கண்மாய் இருக்கிறது, மடை இருக்கிறது. நீர்பாய்ச்சி இன்னும் வேலைக்குச் சேரவில்லை.

பிறந்த முதல் வாரங்களில் நிலைமை இன்னும் விசித்திரமானது. கண்மாய் நிறைந்தாலும் மடை தானாகத் திறக்காது. தாய் நாய் குட்டியின் வாலுக்குக் கீழே நாக்கால் வருட வேண்டும், வருடியதும் வரும். வந்ததையும் தாயே சுத்தம் செய்துவிடுவதால் படுக்கை ஈரமாவதில்லை. தாயை இழந்த குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பவர்கள் ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துவிடுவது இதற்காகத்தான்.

தோலைத் தொடுவதற்கும் மடை திறப்பதற்கும் இடையே செய்தி எந்த வழியாகப் போகிறது? 1874-இல் ஃப்ரீட்ரிஷ் கோல்ட்ஸ் என்ற உடலியலாளர் இதற்கு ஒரு விடை கண்டார். அவர் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் இன்று பிரான்சில் இருக்கிறது, அன்று ஜெர்மானியப் பேரரசில் இருந்தது. நாயின் தண்டுவடத்தை அறுத்து, மூளைக்கும் பின்னுடலுக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தார். இன்று படிக்கும்போதே கூசுகிற சோதனைதான். காயம் ஆறியபின், வளர்ந்த அந்த நாயின் ஆசனவாயை ஒட்டிய தோலைத் தொட்டதும் சிறுநீர் வந்தது. மூளையின் அனுமதி இல்லாமல், தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி மட்டுமே இந்த வேலையை முடித்துவிடுகிறது. இப்படி மூளையைக் கேட்காமல் நடப்பதை அனிச்சைச்செயல் என்கிறோம்.

1925-இல் லண்டன் மருத்துவர் பாரிங்டன், மூளைத்தண்டில் சிறுநீர் கழிப்பதை ஆளும் ஒரு சிறு பகுதி இருப்பதைப் பூனைகளில் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வில்லியம் டி க்ரோட்டின் குழு பூனைக்குட்டிகளில் தொடர்ந்து பார்த்தது. பிறந்த குட்டியில் தாயின் நாக்குக்குப் பணியும் தண்டுவடத் தடம்தான் ஆட்சி செய்கிறது. வாரங்கள் ஓட ஓட மூளைத்தண்டின் தடம் முதிர்ந்து பழைய தடத்தை அமுக்கிவிடுகிறது. தண்டுவடத்தில் அடிபட்டால் பழையது மீண்டும் தலைதூக்குகிறது. கோல்ட்ஸின் நாயில் வெளிப்பட்டதும் இதே பழைய தடம்தான். குழந்தைப் பருவத்து ஏற்பாடு அழிவதில்லை. அதன்மேல் இன்னொரு ஏற்பாடு ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

புதிய ஏற்பாடு முழுப் பலத்துக்கு வரப் பெரும்பாலான குட்டிகளுக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது. வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம் தாங்கும் என்று நாய்க்காரர்கள் சொல்வது அனுபவக் கணக்கு. ஆய்வகத்தில் பிறந்ததில்லை என்றாலும் மோசமான கணக்கில்லை. இதைக் கேட்டதும் ஒரு மறுகேள்வி வரும்: "ராத்திரி ஆறு மணி நேரம் அடக்குகிறதே, பகலில் ஒரு மணி நேரம் முடியாதா?" தூங்கும்போது குட்டி தண்ணீர் குடிப்பதில்லை, ஓடுவதில்லை, சிறுநீரகமும் குறைவாகவே வடிக்கிறது. விழித்ததும் எல்லாம் ஒன்றாக வேகமெடுக்கும். சாப்பிட்டால் இன்னொரு அனிச்சை சேர்ந்துகொள்ளும்: இரைப்பை விரிந்த செய்தி கிடைத்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். ஆகவே தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி முடித்ததும் குட்டியைக் கீழே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கடிகாரத்தைவிட இந்த மூன்று நேரங்களும் நம்பகமானவை.

இப்போது வாசற்படிப் புதிருக்கு வரலாம். தானியங்கு நரம்புகளில் இரண்டு கட்சிகள். ஆபத்து, பரபரப்பு, ஆர்வம் என்றால் பரிவு நரம்புகள் கை ஓங்கும். அவை சிறுநீர்ப்பையின் சுவரைத் தளர்த்தி உள்மடையை இறுக்கிவிடும். அமைதி வந்தால் துணைப்பரிவு நரம்புகள் பை சுருங்கவும் மடை இளகவும் வழிசெய்யும். தெருவில் டிராம் மணியடிக்கிறது, சைக்கிள் பறக்கிறது, நூறு நாய்களின் வாடை தரையில் கிடக்கிறது. குட்டிக்கு அது திருவிழா, பாதி பயம். கண்மாய் நிறைந்திருப்பதே அதற்குத் தெரிவதில்லை. வீட்டுக்குள் வந்து கதவு சாத்தியதும் உடம்பு தளர்கிறது. தளர்ந்த உடம்பில் மடை திறக்கிறது.

எனவே வெளியே போவதை முதலில் சலிப்பான வேலையாக்க வேண்டும். தினமும் ஒரே மூலை, குட்டையான வார், பேச்சு கிடையாது, விளையாட்டு கிடையாது. பத்து நிமிடத்தில் மோந்து பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. உடம்பு தானே அமைதிக்கு வரும். காரியம் முடிந்த பிறகுதான் ஊர் சுற்றல். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குளிருக்குப் பயந்து, குட்டி ஒன்றுக்குப் போன மறுகணமே "சரி, வா" என்று மேலே இழுத்துப் போய்விடுகிறார்கள். போனால் ஆட்டம் முடிந்துவிடும் என்று குட்டி இரண்டே நாளில் படித்துக்கொள்கிறது. பிறகு அது அடக்கப் பழகுவது வெளியே நிற்கும்போதுதான்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. 2014-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பட்ரிசியா யாங், டேவிட் ஹூ குழுவினர் விலங்குகள் சிறுநீர் கழிப்பதை வீடியோ எடுத்து நேரம் பார்த்தார்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள், நாயோ யானையோ, நிறைந்த பையைக் காலி செய்ய எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 20 வினாடி, கொஞ்சம் முன்னே பின்னே. குட்டி குந்தி நான்கு வினாடிதான் ஆகியிருக்கும், அதற்குள் வீட்டுக்காரர் "சபாஷ்!" என்று கூவிக் கைதட்டினால் அது பாதியில் எழுந்து அவரிடம் ஓடி வரும். மீதிக் கண்மாய் கம்பளத்துக்கு. ஆகவே எண்ணிக்கொண்டு நில்லுங்கள். நிமிர்ந்ததும் அதே நொடியில் தின்பண்டத்தைக் கொடுங்கள். மாடிக்கு வந்து கொடுத்தால் படியேறியதற்கான பரிசாகிவிடும்.

புதிரின் மறுபாதி பாதத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இனக் குட்டிகளைப் பிறந்த நாள் முதல் வளர்த்துக் கவனித்து, 1965-இல் ஒரு பெரிய நூலாக எழுதினார்கள். மூன்று வாரம் ஆனதும், நடை தள்ளாடும்போதே, குட்டி படுக்கையை விட்டு விலகிப் போய்ச் சிறுநீர் கழிக்கத் தொடங்குகிறது. யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எட்டு வாரத்தை ஒட்டி, இதற்கென்று ஓர் இடத்தைத் தேடிப் போகும் பழக்கம் நிலைக்கிறது. அப்போது பாதத்துக்குக் கீழே இருப்பது வைக்கோலா, செய்தித்தாளா, சிமெண்டா என்பதும் மூக்கில் ஏறும் வாடையோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது.

ஆக, சுத்தம் குட்டியிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது 'வீடு' என்று கருதுவது தான் சுருண்டு படுக்கும் ஒரு சதுர மீட்டரை மட்டும். நம் எண்பது சதுர மீட்டர் ஃப்ளாட்டின் அந்தக் கோடி அறை அதன் கணக்கில் வெளியூர். அங்கே போய் ஒன்றுக்குப் போகும் குட்டி, தன் அறிவுக்கு எட்டியவரை ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. அதை முதலில் ஓர் அறைக்குள் வைத்துக்கொண்டு, அது வீடு என்று பழகிய பிறகு அடுத்த அறையைத் திறந்துவிடுவதுதான் சரியான வழி. முதல் நாளே முழு வீட்டையும் திறந்துவிட்டால் பின்னால் துடைத்து மாளாது.

ஜெர்மன் நாய் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அதாவது பாதம் பாடம் படித்துக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் குட்டி கைமாறுகிறது. நல்ல வளர்ப்பாளர் ஐந்தாறு வாரத்திலேயே குட்டிகளைப் புல்லுக்கு விட்டிருப்பார். வாங்கப் போகிறவர்கள் பெற்றோர் நாயின் பட்டங்களைக் கேட்பதற்குமுன், குட்டிகள் எதன்மேல் ஒன்றுக்குப் போகின்றன என்று பார்ப்பது மேல். ருமேனியாவிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்படும் நாய்களைத் தத்தெடுப்போர் ஜெர்மனியில் ஏராளம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பன்னிரண்டு வாரம், அதற்குப்பின் 21 நாள் என்று விதி இருப்பதால், பதினைந்து வாரத்துக்குக் குறைந்த குட்டி சட்டப்படி எல்லை தாண்ட முடியாது. காப்பகத்துச் சிமெண்டுத் தரையிலேயே அந்த வாரங்களைக் கழித்த குட்டிக்குப் புல் என்பது என்னவென்றே தெரியாது. அதைப் பூங்காவில் நிறுத்தி மணிக்கணக்காகக் காத்திருப்பது வீண்; நடைபாதை ஓரத்தில் தொடங்கி மெல்லப் புல்லுக்கு நகர்த்த வேண்டும். புல்லில் பழகிய குட்டி, முதல் பனி விழுந்த காலையில் திகைத்து நிற்பதும் இதனால்தான். ஒரு சிறு துண்டு நிலத்தில் பனியை மண்வெட்டியால் ஒதுக்கிப் புல்லைக் காட்டினால் போதும். வீட்டுக்குள் விரிக்கும் உறிஞ்சு விரிப்பு எனக்கு ஒப்புதலில்லை. நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வேறு வழியில்லாமல் இருக்கலாம். மற்றவர்கள் அதை வைப்பது, வீட்டுக்குள் மெத்தென்ற துணியில் போ என்று கைப்பிடித்துக் கற்றுக்கொடுப்பது. குளியலறை மிதியடிக்கும் அந்த விரிப்புக்கும் குட்டியின் பாதத்துக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்து, திட்டு. ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது எல்லாம் நம்மூரிலும் ஜெர்மனியிலும் ஒரு காலத்தில் சாதாரணம். இதில் என்ன கோளாறு என்பதற்கு லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் அழகான சான்று கிடைத்தது. 2003-இல் யோசெப் கால், யூலியானே ப்ரொய்யர், யூலியானே காமின்ஸ்கி, மைக்கேல் டொமசெல்லோ ஆகியோர் தரையில் ஒரு தின்பண்டத்தை வைத்து "எடுக்காதே" என்று நாய்க்குச் சொன்னார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது நாய்கள் தயங்கின. அவர் திரும்பிக்கொண்டாலும், கண்ணை மூடிக்கொண்டாலும், கணினி விளையாட்டில் மூழ்கினாலும் துணிந்து எடுத்தன. பத்தாண்டு கழித்துக் காமின்ஸ்கியின் குழு விளக்கை அணைத்தும் பார்த்தது. உணவு இருந்த இடம் இருட்டாக இருந்தபோது திருட்டு கூடியது.

இதைக் கம்பளத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அடி வாங்கிய குட்டி 'வீட்டுக்குள் கூடாது' என்று கற்பதில்லை. 'இவர் கண்ணில் படும்படி கூடாது' என்று கற்கிறது. விளைவு, சோபாவுக்குப் பின்னால் போகும். வாரின் மறுமுனையில் நீங்கள் நிற்கும்போது, புல்லிலும் போகாது. அரை மணி நேரம் வெளியே நிற்கும் பல குட்டிகளின் கதை இதுதான்.

"ஆனால் தப்பு செய்தது அதற்குத் தெரிகிறதே! நான் கதவைத் திறந்ததும் காதை மடக்கி ஒதுங்குகிறதே!" நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் அதைத் தின்றதா இல்லையா என்று சிலரிடம் உண்மையும் சிலரிடம் பொய்யும் சொல்லப்பட்டது. ஒன்றும் செய்யாத நாய்கள் திட்டு வாங்கியபோதும் அந்தக் 'குற்றவாளி முகம்' வந்தது. தின்ற நாய்களைவிடச் சற்று அதிகமாகவே வந்தது. அந்த முகம் நம் கோபத்தைப் பார்த்து வருவது. மூன்று மணி நேரத்துக்கு முந்தைய குட்டையோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஜெர்மன் சட்டம் 2022 ஜனவரி முதல் முள் கழுத்துப்பட்டையையும் வலி தரும் பிற கருவிகளையும் பயிற்சியில் தடைசெய்திருக்கிறது. இரக்கத்தால் வந்த சட்டம் என்றாலும் கற்றல் அறிவியலும் அந்தப் பக்கம்தான்.

மிச்சமிருப்பது வாடை. சிறுநீரில் கரைந்திருக்கும் முக்கியப் பொருள் யூரியா. 1828-இல் பெர்லினில் ஃப்ரீட்ரிஷ் வோலர் அதை ஆய்வகத்திலேயே செய்துவிட்டு, மனிதனோ நாயோ எந்த விலங்கின் சிறுநீரகமும் இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று ஸ்டாக்ஹோமில் இருந்த வேதியியலாளர் பெர்சீலியஸுக்குக் குதூகலமாகக் கடிதம் எழுதினார். வேதியியல் வரலாற்றில் புகழ்பெற்ற அந்தக் கடிதத்தில் நாய் இடம்பெற்றிருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். யூரியாவை நுண்ணுயிரிகள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது, நெடி அதனுடையது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால் நாய் மூக்குக்கு அது பழைய இடத்தின் நினைவூட்டல். பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், அதன் மூக்கை ஏமாற்றாது. முதலில் ஒற்றியெடுத்து, தண்ணீரால் அலசி, பிறகு நொதி கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றிக் காயவிட வேண்டும். நொதிகள் வாடைக்குக் காரணமான கரிமப் பொருள்களை உடைத்துவிடும். அவசரப்பட்டுத் துடைத்தெடுத்தால் வேலை நடக்காது.

குந்துவதற்குமுன் சுற்றிச் சுற்றி வருகிறதே, அது எதற்கு? ஜெர்மனியின் டுயிஸ்பூர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தின் ஹைனெக் பூர்டா, சபீனே பெகால் ஆகியோரும் செக் நாட்டு ஆய்வாளர்களும் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1,893 முறை மலமும் 5,582 முறை சிறுநீரும் கழித்த திசைகளைக் காந்த ஊசியால் குறித்தார்கள். மொத்தத்தில் ஒரு திசையும் தேறவில்லை. பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருந்த நேரங்களை மட்டும் பிரித்தெடுத்தபோது நாய்கள் வடக்கு–தெற்கு அச்சில் நிற்பதாகத் தெரிந்தது. 2014-இல் இதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. தரவைப் பல விதமாகப் பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் ஒழுங்கு தென்படத்தான் செய்யும் என்ற சந்தேகம் நியாயமானது. நான் இதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. காந்த ஊசி வேண்டாம். வீட்டுக்குள் குட்டி மூக்கைத் தரையில் பதித்து வட்டமிட்டால் கோட்டைத் தேடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எல்லாம் சரியாகி, ஏழெட்டு மாதத்தில் ஆண் நாய் சோபாக் காலில் கொஞ்சமே கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனால் அது வாடையால் எழுதும் அறிவிப்பு; வயதுக் கோளாறு. விருந்தாளி குனிந்து தலையைத் தடவும்போது ஒழுகவிடும் குட்டி 'நான் சின்னப் பிள்ளை' என்கிறது. அதைத் திட்டினால் இன்னும் ஒழுகும். குனியாமல், நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து பழகினால் தானாக நிற்கும்.

ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினாலோ, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ கதை வேறு. சிறுநீர்ப்பைத் தொற்று, சர்க்கரை நோய் இரண்டும் இப்படித்தான் காட்டும். படுத்த இடமெல்லாம் நனையும் பெண் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவிக் குறை இருக்கும்: சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பையில் சேராமல் அதைத் தாண்டிப் போய்த் திறக்கும். வரத்துக்காலே மடைக்கு அப்பால் போய் விழுந்தால் நீர்பாய்ச்சி என்ன செய்வார்? கோல்டன் ரிட்ரீவர், லேப்ரடார், சைபீரியன் ஹஸ்கி இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அறுவை சிகிச்சை உண்டு, பயிற்சியால் மாறாது. சந்தேகம் வந்தால் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஜெர்மானியர்கள் கைக்கொள்ளும் கருவி நீளக் காம்பு வைத்த சூப் கரண்டி. நாய் குந்தியதும் பின்னாலிருந்து சத்தமில்லாமல் நீட்டினால் போதும். சுத்தமான டப்பாவில் ஊற்றி மூடி, குளிர்பெட்டியில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பயிற்சியாளருக்குப் பணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.